கப்பலுக்கு ஒயின் கொண்டுபோவதா, டிரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்குவதா?

மயாமியிலிருந்தோ ஃபோர்ட் லாடர்டேலிலிருந்தோ கிளம்பும் கரீபியன் சொகுசுக் கப்பலுக்கு டிக்கெட் போட்டவுடன் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கிவிடும். டிரிங்க்ஸ் பேக்கேஜை, அதாவது நாளுக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டிவிட்டுக் கிளாஸ் கணக்கில்லாமல் குடிக்கும் திட்டத்தை, இன்றே வாங்கினால் இத்தனை சதவீதம் தள்ளுபடி, நாளை இரவோடு முடிகிறது என்று ஒன்று வரும். அது முடிந்ததும் இன்னொரு பெயரில் அடுத்த தள்ளுபடி வரும். கப்பல் ஏறிய பிறகு வாங்கினால் விலை கூடும் என்பதால் வீட்டில் ஒரு பதற்றம் உண்டாகிறது. இதே நேரத்தில் நண்பர் ஒருவர் சொல்வார்: "எதற்குப் பேக்கேஜ்? ஆளுக்கு ஒரு பாட்டில் ஒயின் நாமே கொண்டுபோகலாமே."

இரண்டும் தனித்தனிக் கேள்விகள்போலத் தெரிந்தாலும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்தான். எந்தக் கப்பல் எவ்வளவு ஒயினை உள்ளே விடுகிறது, பேக்கேஜுக்கு எவ்வளவு வாங்குகிறது என்ற இரண்டையும் தீர்மானிப்பது, அந்த நிறுவனம் டிக்கெட்டில் சம்பாதிக்கிறதா, கப்பலுக்குள் சம்பாதிக்கிறதா என்பதே. இது புரிந்துவிட்டால் தள்ளுபடி மின்னஞ்சலைப் பார்த்து யாரும் அவசரப்பட மாட்டார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரவு உணவோடு ஒன்றிரண்டு கிளாஸ் குடிக்கும் வழக்கம் உள்ளவர்களுக்குப் பேக்கேஜ் நஷ்டம். அனுமதிக்கப்பட்ட ஒயினைக் கொண்டுபோய், மற்றதை அவ்வப்போது காசு கொடுத்து வாங்கிக்கொள்வதே நல்லது.

உலகின் மிகப் பெரிய க்ரூஸ் நிறுவனமான கார்னிவல் கார்ப்பரேஷனின் 2023ஆம் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 2,159 கோடி டாலர். இதில் டிக்கெட் விற்று வந்தது போக, கப்பலுக்குள் நடக்கும் விற்பனையும் பிறவும் சேர்ந்து 753 கோடி டாலர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். ராயல் கரீபியன் குழுமத்துக்கு அதே ஆண்டில் மொத்தம் 1,390 கோடி, அதில் உள்விற்பனையும் பிறவும் 433 கோடி. சூதாட்டக் கூடம், கரைச் சுற்றுலா, ஸ்பா, இணைய வசதி எல்லாம் இந்தத் தொகையில் அடங்கும் என்றாலும், மது அதில் முக்கியமான ஒன்று. ஏழு இரவு தங்கல், மூன்று வேளைச் சாப்பாடு, இரவுக் கச்சேரி எல்லாம் சேர்த்து சில நூறு டாலருக்கு டிக்கெட் கிடைக்கிறதென்றால், மீதி உள்ளே வசூலாகும் என்ற நம்பிக்கையில்தான் அந்த விலை போடப்படுகிறது. டிக்கெட் விலையைக் கூட்ட முடியாத சினிமா தியேட்டர் பாப்கார்னில் ஈடுகட்டுவதும், வெளித் தின்பண்டத்தை வாசலிலேயே தடுப்பதும் இந்தக் கணக்கில்தான்.

வைகிங் நிறுவனத்தின் கடற்பயணங்கள் இதற்கு நேர் எதிர். அங்கே டிக்கெட் விலை மிக அதிகம். மதிய உணவோடும் இரவு உணவோடும் பீரும் ஒயினும் அதிலேயே அடக்கம். விரும்பினால் பயணி தன் சொந்த மதுவைக் கொண்டுவரலாம், அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. மதுப் பழக்கத்தில் வைகிங் பயணிக்கும் கார்னிவல் பயணிக்கும் பெரிய வேறுபாடு இருப்பதால் அல்ல இது. பணம் முன்கூட்டியே வசூலாகிவிட்டதால் பாட்டிலைப் பிடித்துவைக்கக் காரணம் இல்லை, அவ்வளவுதான்.

பாட்டில் விதிகள்

விதிகள் அவ்வப்போது மாறும், பதிவுசெய்த கப்பலின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் பொதுவான போக்கைப் பிடித்துவிடலாம். ராயல் கரீபியனிலும் கார்னிவலிலும், மது அருந்தும் வயதுள்ள ஒவ்வொருவரும் 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெயின் ஒரு பாட்டில் கொண்டுவரலாம். அதுவும் ஏறும் நாளில் மட்டும். கேபினுக்குள் குடித்தால் கட்டணம் இல்லை. உணவகத்துக்கு எடுத்துச் சென்றால் பாட்டிலுக்கு 15 டாலர் கார்க்கேஜ், அதாவது சொந்த பாட்டிலைத் திறந்து குடிப்பதற்கான கட்டணம். பிரின்சஸ் கப்பல்களிலும் ஆளுக்கு ஒரு பாட்டில் இப்படித்தான், ஆனால் அதற்கு மேலும் கொண்டுவரலாம், கூடுதல் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 20 டாலர் கார்க்கேஜ், எங்கே குடித்தாலும். நார்வீஜியன் வேறு வழியில் போகிறது. எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் கொண்டுவரலாம், முதல் பாட்டிலிலிருந்தே 15 டாலர், கேபினில் குடித்தாலும் சரி. டிஸ்னி கப்பல்கள்தான் இதில் தாராளம்: 21 வயது நிறைந்தவர் இரண்டு பாட்டில் ஒயின் அல்லது ஆறு பீர் கொண்டுவரலாம், ஏறும் நாளில் மட்டுமல்ல, வழியில் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும். அளவில்லாமல் குடிக்கும் பேக்கேஜை டிஸ்னி விற்பதில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். காப்பாற்ற வேண்டிய பேக்கேஜ் இல்லாத இடத்தில் பாட்டிலுக்குக் கெடுபிடியும் குறைவு.

ஒயினை விடுகிறார்கள், விஸ்கியை ஏன் விடுவதில்லை? கிளாஸ் கணக்கில் பாருங்கள். 750 மில்லி ஒயினில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். அதே அளவு விஸ்கியில் 44 மில்லி வீதம் 17 கிளாஸ். ஒரு ஒயின் பாட்டில் உள்ளே வந்தால் கப்பல் பார் இழப்பது ஐந்து விற்பனை, ஒரு விஸ்கி பாட்டில் வந்தால் பதினேழு. சாப்பாட்டு மேசைக்குச் சொந்த ஒயினைக் கொண்டுவந்து கார்க்கேஜ் கட்டும் வழக்கம் மேலைநாட்டு உணவகங்களில் ஏற்கெனவே இருப்பதால், ஒயினை அடியோடு தடுத்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். விஸ்கிக்கு அப்படி ஒரு வழக்கம் கிடையாது. பாதுகாப்பும் ஒரு காரணம்தான். போதை ஏறியவருக்கு மேற்கொண்டு ஊற்ற மறுக்க பார் ஊழியரால் முடியும், கேபினுக்குள் இருக்கும் பாட்டிலை யாரும் கண்காணிக்க முடியாது. ஆனால் பாதுகாப்பு மட்டுமே காரணமாக இருந்தால், ஒரு நாளைக்கு 15 மதுபானம் தரும் பேக்கேஜை அதே நிறுவனம் விற்காது.

இந்தத் தடையை ஏய்க்க மக்கள் செய்யாத வேலை இல்லை. வாய் கொப்பளிக்கும் திரவப் புட்டியில் ரம்மை நிரப்புவது, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திரும்ப ஒட்டி வோட்காவைக் கொண்டுவருவது என்று பெரிய கலையாகவே வளர்ந்துவிட்டது. இதன் விளைவைக் குடிக்காதவர்களும் அனுபவிக்கிறார்கள். 2015 ஜூலையில் கார்னிவல், பயணிகள் தண்ணீரையும் குளிர்பானத்தையும் பாட்டிலில் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டது. இப்போது ஆளுக்குப் பன்னிரண்டு கேன் மட்டும். பெட்டிகள் எல்லாம் எக்ஸ்ரேயில் போகின்றன. சந்தேகத்துக்குரிய பெட்டி கேபினுக்கு வராமல் கீழ்த்தளத்தில் ஓர் அறைக்குப் போகும், உரியவர் அங்கே போய்த் திறந்து காட்ட வேண்டும். விடுமுறையின் முதல் மாலையை அந்த வரிசையில் கழிப்பதற்கு எந்த ரம்மும் ஈடாகாது.

அனுமதிக்கப்பட்ட ஒயினுக்கும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. துறைமுக நகரத்துக்கு விமானத்தில் போகிறவர்கள், 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் கைப்பையில் கூடாது என்பதால், பாட்டிலைத் துணி சுற்றிப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும். கப்பலில் இதற்குத் தலைகீழ். அங்கே பெரிய பெட்டியில் பாட்டில் இருக்கக் கூடாது, கைப்பையில் வைத்துத் தாங்களே எடுத்துவந்து காட்ட வேண்டும். ஆகவே ஓட்டலில் இரவு தங்கும்போது பாட்டிலைப் பெட்டி மாற்றிவிட வேண்டும். இதைவிட எளிது, துறைமுக நகரத்துக் கடையிலேயே வாங்கிக்கொள்வது. திறப்பானும் கிளாஸும் கேபின் ஊழியரிடம் கேட்டால் கிடைக்கும். உணவகத்தில் திறந்து பாதி மிஞ்சினால், கேபின் எண்ணை எழுதி ஒட்டி அடுத்த இரவுக்கு எடுத்துவைப்பார்கள்.

பேக்கேஜின் கணக்கு

பேக்கேஜ் விலை ஒரே மாதிரி இருப்பதில்லை. கப்பல், மாதம், தேவை இவற்றைப் பொறுத்து ஏறி இறங்கும். கணக்குக்காக ஒரு நாளைக்கு 80 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் தெரிவது இவ்வளவுதான். இதன்மேல் சேவைக் கட்டணம் வரும். ராயல் கரீபியனில் 18 சதவீதம், கார்னிவலிலும் நார்வீஜியனிலும் 20. 18 சதவீதமே என்று எடுத்துக்கொண்டாலும் 80 என்பது 94 டாலர் 40 சென்ட் ஆகிறது. ஏழு இரவுக்கு 660 டாலர் 80 சென்ட்.

14 டாலர் காக்டெய்ல் ஒன்றைத் தனியாக வாங்கினால் சேவைக் கட்டணத்தோடு 16 டாலர் 52 சென்ட். ஆக, கொடுத்த காசு கையைக் கடிக்காமலிருக்க ஒரு நாளைக்கு ஆறு காக்டெய்ல் குடிக்க வேண்டும். எட்டு டாலர் பீர் மட்டும் குடிப்பவர் பத்து குடிக்க வேண்டும். அதுவும் ஒரு நாள் இருநாள் அல்ல, ஏழு நாளும். காலையில் இறங்கி மாலையில் ஏறும் துறைமுக நாட்களிலும்தான். கரையில் இருக்கும் எட்டு மணி நேரத்துக்கு நாம் ஏற்கெனவே கட்டிய பணம் யாருக்கும் பயன்படாமல் போகிறது. கடலிலேயே கழியும் நாட்கள் அதிகமுள்ள பயணத்தில் பேக்கேஜுக்கு ஓரளவு நியாயம் உண்டு. தினமும் ஒரு தீவில் நிற்கும் பயணத்தில் அதுவும் குறைகிறது.

பேக்கேஜ் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அதில் மது மட்டுமல்ல, எஸ்பிரெசோ வகைக் காபி, பாட்டில் தண்ணீர், புதிதாகப் பிழிந்த பழச்சாறு, மாக்டெய்ல் எனும் மதுவில்லாத காக்டெய்ல், குளிர்பானம் எல்லாம் சேரும். காலையில் காப்பச்சீனோ, நடுப்பகலில் ஒரு பழச்சாறு, இரண்டு பாட்டில் தண்ணீர், மாலையில் மூன்று காக்டெய்ல், சாப்பாட்டோடு இரண்டு கிளாஸ் ஒயின் என்று போகிறவருக்குக் கணக்கு ஏறத்தாழ சரியாகிவிடும். கடைசி நாளில் பில்லைப் பார்த்து அதிர வேண்டாம் என்ற நிம்மதியும் சிலருக்கு முக்கியம்.

ஆனால் நம் குடும்பங்களைக் கடிப்பது வேறொரு விதி. ராயல் கரீபியனிலும் கார்னிவலிலும், ஒரு கேபினில் ஒருவர் மதுப் பேக்கேஜ் வாங்கினால் அந்தக் கேபினில் உள்ள பெரியவர்கள் அனைவரும் வாங்கியாக வேண்டும். ஒருவர் பேக்கேஜில் நால்வர் குடிப்பதைத் தடுக்க வந்த விதி இது. கணவர் குடிப்பார், மனைவி தொட மாட்டார் என்ற வீட்டில் மனைவி பெயரிலும் 660 டாலர் ஏறுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவையோ மாமியாரையோ அதே கேபினில் மூன்றாவது படுக்கையில் போட்டிருந்தால் அவர் பெயரிலும் ஏறும். மருத்துவக் காரணம், கர்ப்பம் போன்றவற்றைத் தொலைபேசியில் சொல்லிக் கேட்டால், குடிக்காதவருக்கு மதுவில்லாத பேக்கேஜை மட்டும் போட்டுத் தர இசைவதுண்டு. கேட்டால்தான் கிடைக்கும், இணையத்தில் அந்தப் பொத்தான் இருக்காது. ஆகவே பேக்கேஜ் லாபமா என்பதை ஆள் கணக்கில் பார்க்கக் கூடாது, கேபின் கணக்கில் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் என்ன வருகிறது? கணவர் தினமும் மாலையில் 14 டாலர் காக்டெய்ல் ஒன்று, சாப்பாட்டோடு 13 டாலர் ஒயின் இரண்டு கிளாஸ் குடிக்கிறார். மனைவி ஒரு மாக்டெய்ல் 9 டாலர், ஒரு காபி 5 டாலர். எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கினால் சேவைக் கட்டணத்தோடு ஒரு நாளைக்கு 63 டாலர் 72 சென்ட், வாரத்துக்கு 446 டாலர். இருவரும் ஆளுக்கு ஒரு 15 டாலர் ஒயின் பாட்டில் கொண்டுவந்திருந்தால், கணவர் வாரத்தில் குடிக்கும் 14 கிளாஸில் பத்து அதிலிருந்தே வந்துவிடும். ஒயின் விலையையும் இரண்டு பாட்டிலுக்கான கார்க்கேஜையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 350 டாலர். இதே தம்பதி பேக்கேஜ் வாங்கியிருந்தால் 1,321 டாலர். இடையில் இருக்கும் சுமார் 970 டாலரில் இன்னொருவருக்கு டிக்கெட்டே போடலாம்.

எனக்குப் பணத்தைவிடப் பெரிதாகப் படுவது, அந்த ஆறு காக்டெய்ல்தான். அமெரிக்க அரசின் 2020–2025 உணவு வழிகாட்டி, குடிப்பவர்கள் ஆணாக இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு, பெண்ணாக இருந்தால் ஒன்று என்ற அளவுக்குள் நிற்கச் சொன்னது. அதில் ஒரு பானம் என்பது 14 கிராம் தூய ஆல்கஹால், அதாவது 44 மில்லி விஸ்கி அல்லது 148 மில்லி ஒயின். கப்பல் காக்டெய்ல்களில் பல இந்த அளவைத் தாண்டும். 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதல்ல என்றே சொல்லிவிட்டது. ஆகவே கொடுத்த பணத்துக்கு ஈடாகக் குடிப்பதென்றால், வழிகாட்டி சொன்ன அளவைப்போல் ஆணுக்கு மூன்று மடங்கு, பெண்ணுக்கு ஆறு மடங்கு. வெயிலில் நீச்சல்குளத்தருகே, ஏழு நாள் தொடர்ந்து. வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை குடிப்பவர்கூட, பணம் கட்டியாகிவிட்டதே என்று இங்கே காலையிலேயே ஆரம்பிப்பதைக் காணலாம். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடும் அறுபது வயதுக்காரருக்கு இது விளையாட்டு அல்ல.

சின்ன எழுத்தில் இருப்பவை

பேக்கேஜ் எல்லா இடத்திலும் செல்லாது. ராயல் கரீபியனின் தனித்தீவான கோகோகேயில் செல்லும். கார்னிவலின் பேக்கேஜ் அதன் தனித்தீவான ஹாஃப் மூன் கேயில் நெடுங்காலம் செல்லாமல் இருந்தது, அங்கே குடிப்பதற்குத் தனிப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. கார்னிவலில் காலை ஆறு முதல் மறுநாள் காலை ஆறு வரை 15 மதுபானம் என்ற உச்சவரம்பு உண்டு. ராயல் கரீபியனில் எண்ணிக்கை வரம்பு இல்லை, ஆனால் ஒரு பானத்தின் விலை 14 டாலரைத் தாண்டினால் மிச்சத்தை நாம் கட்ட வேண்டும். முழு பாட்டில் ஒயின் பொதுவாகப் பேக்கேஜில் சேராது, தள்ளுபடி மட்டும் கிடைக்கும். ஆகவே பிடித்த ஒயினைப் பாட்டிலாக வாங்கிக் குடிக்கும் இரசனைக்காரருக்குப் பேக்கேஜால் பெரிய பயன் இல்லை. ராயல் கரீபியனில் முன்கூட்டி வாங்கிய பிறகு விலை இறங்கினால், பயணம் தொடங்குவதற்கு முன் ரத்துசெய்து மறுபடி வாங்கலாம். பேக்கேஜ்தான் வேண்டும் என்று முடிவுசெய்தவர்கள் இதை மறக்கக் கூடாது.

வயது வரம்பு கப்பல் கிளம்பும் இடத்தைப் பொறுத்தது. ராயல் கரீபியனில் வட அமெரிக்காவிலிருந்து கிளம்பினால் 21, சிங்கப்பூரிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ கிளம்பினால் 18. கடலில் மது என்பது எப்போதுமே கரையின் சட்டத்தோடு பின்னிப் பிணைந்த விஷயம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்த காலத்தில், கரையிலிருந்து விலகிப் போய்க் குடித்துவிட்டுத் திரும்புவதற்காகவே கப்பல் பயணங்கள் நடந்தன. 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெளிநாட்டுக் கப்பலானாலும் அமெரிக்கக் கடல் எல்லைக்குள் மது கொண்டுவரக் கூடாது, ஆழ்கடலில் அமெரிக்கக் கப்பலுக்குக்கூட அந்தத் தடை இல்லை என்று தீர்ப்பளித்தது. அந்த எல்லைக்கோடுகளின் நிழல் இன்னும் இருக்கிறது. டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கார்னிவல் கப்பல்களில் மாநில விதிகள் காரணமாக முதல் நாள் பேக்கேஜ் தொடங்குவதில்லை, மறுநாள்தான். திரும்பி இறங்கும்போது அதே முனையத்தில் மாநில மதுத்துறை, நாம் கொண்டுவரும் பாட்டிலுக்கு வரி வசூலிக்கிறது.

வழித் துறைமுகங்களில் வாங்கும் ரம், விஸ்கி பாட்டில்களை நாம் கேபினுக்கு எடுத்துப்போக முடியாது. ஏறும் வாயிலில் ஊழியர்கள் வாங்கி, சீட்டுக் கொடுத்து, பயணத்தின் கடைசியில்தான் திருப்பித் தருவார்கள். அமெரிக்காவில் இறங்கும் 21 வயது நிறைந்தவருக்கு வரியில்லாமல் ஒரு லிட்டர். செயின்ட் தாமஸ் போன்ற அமெரிக்க வர்ஜின் தீவுகளில் வாங்கினால் சலுகை இதைவிடக் கூடுதல். நம்மவர்கள் அதிகம் போகும் சிங்கப்பூர்ப் பயணங்களில் கவனிக்க வேண்டியது வேறு. நாற்பத்தெட்டு மணி நேரமாவது வெளியே இருந்தால்தான் அங்கே மதுவுக்கு வரிச் சலுகை. அதுவும் மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்குக் கிடையாது. பினாங்கு வரையோ கிள்ளான் துறைமுகம் வரையோ போய்த் திரும்பும் மூன்று நாள் கப்பலில் கிளம்புபவர்கள், அங்கே கடையில் மலிவாகத் தெரியும் பாட்டிலை எடுப்பதற்கு முன் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கிய கோர்டேலியா கப்பலில், வெளியிலிருந்து மது கொண்டுவர அனுமதி இல்லை, ஒயினும் அதில் அடக்கம். ஆகவே அங்கே பாட்டிலா பேக்கேஜா என்ற கேள்வியே எழாது. பேக்கேஜா, கிளாஸ் கணக்கா என்பதை மட்டும் மேலே சொன்னபடி கேபினுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும்.